ஹால்பர்க் ரேடியோவைச் செய்தவன்

நடந்தது 1979 நவம்பர் 15, வியாழக்கிழமை. இடம், சங்கரன்கோவில் திருவேங்கடம் சாலையில் இருந்த என் ரேடியோ ரிப்பேர் கடை. மாலை ஆறு நாற்பதுக்குத் தொடங்கி ஏழு முப்பத்திரண்டுக்கு முடிந்தது. ஐம்பத்திரண்டு நிமிடம்.

நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. ரேடியோ மெக்கானிக் மேசையில் ஒரு டைம்பீஸும் ஒரு சிலேட்டும் எப்போதும் இருக்கும். செட்டை ஓடவிட்டு, எத்தனையாவது நிமிடத்தில் சத்தம் மங்குகிறது, எப்போது கரகரப்பு வருகிறது என்று குறித்துக்கொள்வோம். அன்றும் என் கை பழக்கத்தில் குறித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அந்தச் சிலேட்டைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது.

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறாமல் போகிறவன். பொழுது கிடைத்தால் தாலுகா நூலகத்தில் உட்கார்ந்து கிடைத்ததைப் படிப்பவன். பேய் பிசாசு என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுவேன். இட்டுக்கட்டுவது என்றால் என்னை நல்லவனாகக் காட்டி ஒரு கதை கட்டியிருப்பேன். இதில் நான் நல்லவன் இல்லை. இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

அந்த நாட்களில் வீட்டில் ரேடியோ வைத்திருந்தாலும் லாரியில் வைத்திருந்தாலும் தபால் ஆபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். சிறிய புத்தகம் ஒன்று தருவார்கள். அதில் ரேடியோவின் கம்பெனி பெயர், நம்பர் எல்லாம் இருக்கும். லாரி ரேடியோவில் ஒரு சிக்கல். பெரும்பாலும் டிரைவர்தான் தன் காசில் ரேடியோ மாட்டுவார். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வராமல் இருக்க ஏதாவது வேண்டுமே. ஆனால் வண்டி முதலாளியுடையது. அதனால் லைசென்ஸை முதலாளி பெயரிலேயே எடுத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். யாரும் அதைத் தவறாக நினைத்ததில்லை.

நான் செய்த தவறு வேறு. மதுரையிலிருந்து உதிரிகள் வாங்கி வந்து லாரி ரேடியோக்களை நானே சேர்த்துப் பூட்டுவேன். நன்றாகவே பாடும். ஆனால் என் பெயரைப் போட்டு, உள்ளூர் ஜஸ்டஸ் செய்தது என்றால் யார் வாங்குவார்கள்? தூத்துக்குடியில் கப்பல் பழைய சாமான் விற்கிற ஒருவரிடமிருந்து ஹால்பர்க் என்று பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள் ஒரு பை நிறையக் கிடைத்தன. ஜெர்மன் எழுத்து. ஒவ்வொரு செட்டின் நெற்றியிலும் ஒன்றை அறைந்துவிடுவேன். லைசென்ஸ் பாரத்தை நிரப்புவதும் நான்தான். கம்பெனி: ஹால்பர்க். நம்பர் அந்த நேரத்தில் வாயில் வந்தது.

அப்படி 1976 மார்ச்சில் ஒரு செட் செய்தேன். கேட்டவன் பீர் மைதீன். கடையநல்லூர்க்காரன், ராயகிரி மாணிக்கராஜின் மிளகாய் லாரிக்கு டிரைவர். அவனிடம் மட்டும் தகட்டு விஷயத்தை மறைக்க முடியவில்லை. மூன்று நாள் என் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, நான் ஒவ்வொரு கம்பியாகப் பற்றவைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தகட்டை அறைந்தபோது சிரித்தான். "என்ன அண்ணாச்சி, நம்ம புள்ளைக்கு அடுத்தவன் பேரை வைக்கீய" என்றான். நானும் சிரித்தேன்.

மூன்றரை வருடம் கழித்து அவனுக்குத் துபாய் விசா வந்தது. வேலையை விடுகிறேன் என்று சொன்னதும் முதலாளிக்கு ஆத்திரம். இருவருக்கும் வாய்த்தகராறு. பீர் மைதீன் தன் ரேடியோவைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாளே மாணிக்கராஜ் போலீசில் எழுதிக் கொடுத்தார். தன் லாரியிலிருந்த ஜெர்மன் ரேடியோவை டிரைவர் திருடிவிட்டதாக. அந்த ஹால்பர்க் செட்டை மெட்ராசில் தானே வாங்கியதாக. லைசென்ஸ் புத்தகம் அவர் பெயரில்தானே இருந்தது.

பீர் மைதீனைப் பிடித்து சப்-ஜெயிலில் வைத்துவிட்டார்கள். அவன் சொன்னது ஒன்றே ஒன்று. இது ஜெர்மன் ரேடியோ இல்லை, சங்கரன்கோவில் ஜஸ்டஸ் அண்ணாச்சி எனக்காகக் கையால் செய்தது, கேட்டுப் பாருங்கள்.

ஆக, ரேடியோவைச் செய்தது யார் என்பதில்தான் வழக்கே நின்றது. நான் என்றால் அவன் வீட்டுக்குப் போகலாம். ஹால்பர்க் என்றால் திருடன். திருட்டு வழக்கில் தண்டனை வாங்கினால் வந்த விசாவும் வீண், துபாய் ஏது.

செவ்வாய்க்கிழமை அவன் மனைவி ஷம்சாத் பேகம் கடைக்கு வந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவுக நீங்க செஞ்சதுன்னு சொல்லுதாக. அல்லாவுக்குப் பொதுவா ஒரு வார்த்தை சொன்னாப் போதும் அண்ணாச்சி."

தகட்டு விஷயம் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் என் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. போலிப் பெயரில் செட் விற்றவன். அரசாங்கப் பாரத்தில் பொய் எழுதியவன். எங்கள் சபையில் நான் கமிட்டி மெம்பர் வேறு.

"எத்தனையோ லாரி வருது. எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அவள் என் மேசை மேலிருந்த கம்பி பற்றவைக்கிற சாலிடர் கட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை நாலே காலுக்கு ஏட்டு கோமதிநாயகம் சைக்கிளில் வந்தார். கேரியரில் ஒரு துண்டில் சுற்றிய ரேடியோ. அதை மேசையில் வைத்து அவிழ்த்தார்.

"கேள்வி ஒண்ணுதான் வே. இது யாரு செஞ்சது?"

"ஹால்பர்க் கம்பெனி, ஏட்டய்யா. தகட்டுல இருக்கே."

"தகட்டை வாசிக்க எனக்கும் தெரியும். தொறந்து பாத்துச் சொல்லும். அந்தப் பய நீருதான் செஞ்சீருன்னு சாதிக்கான்." தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "எழுத்துல தாரும். காலைல ஒம்பது மணிக்கு ரேடியோவையும் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்துரும். பத்தரைக்குக் கோர்ட்டு."

அவர் போன பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைத் தொடவில்லை. புழுக்கம் தாங்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு உட்கார்ந்திருந்தேன். மழைக்கு முந்திய புழுக்கம். அக்கம்பக்கத்து விசைத்தறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

ஐந்து நாற்பதுக்கு நான்கு திருகாணிகளையும் கழற்றி மூடியைத் திறந்தேன்.

என் கை வேலையை எனக்குத் தெரியாதா. சாலிடர் பொட்டுகள், காயிலின் சுற்று, எல்லாம் என்னுடையவை. உள்தகரத்தில் பென்சிலால் என் குறி. 'ஜ. 12-3-76'. செட் முடித்ததும் உள்ளே பெயரும் தேதியும் எழுதிவிடுவது ரேடியோ மெக்கானிக்குகளின் வழக்கம். வெளியே யார் பெயர் இருந்தாலும் உள்ளே செய்தவன் பெயர் இருக்கும்.

மணி ஆறு. மேசை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்தேன்.

அழித்தேன்.

கறுப்புத் துகளை ஊதித் தள்ளினேன். பிறகு என் லெட்டர்பேடை எடுத்து எழுதினேன். 'மேற்படி ரேடியோ ஜெர்மனி நாட்டு ஹால்பர்க் கம்பெனியாரின் தயாரிப்பு என்று என் தொழில் அனுபவத்தைக் கொண்டு இதன்மூலம் சான்றளிக்கிறேன்.' கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்தினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மணி ஆறு இருபது.

ஆறு நாற்பதுக்கு மின்சாரம் போனது.

எங்கள் ஊரில் மின்சாரம் போவதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். அத்தனை தறிகளும் ஒரே நொடியில் நிற்கும். அன்றும் நின்றன. தூறல் விழும் சத்தம் மட்டும் ஓட்டின் மேல். எதிர்ச் சாரியில் அன்னக்கிளியின் டீக்கடையில் பெட்ரோமாக்ஸ் ஏற்றுகிற 'புஸ்' சத்தம் கேட்டது. நான் தீப்பெட்டியைத் தேடினேன்.

தேவைப்படவில்லை.

மேசை மேல் வெளிச்சம் இருந்தது. மங்கலான மஞ்சள் வெளிச்சம். ரேடியோவின் டயல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

லாரி ரேடியோ பேட்டரியில் ஓடுவது. என் கடையில் இருந்த ஒரே பேட்டரி மூலையில், தரையில், நாலடி தள்ளி இருந்தது. ரேடியோவின் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மேசை விளிம்பில் சும்மா தொங்கின. இரண்டின் நுனியையும் தொட்டுப் பார்த்தேன். எதிலும் சேரவில்லை.

கண்டன்சரில் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும் என்று நினைத்தேன். அப்படித் தங்கினாலும் ஒரு விளக்கு ஒரு நொடிக்கு மேல் எரியாது என்பதும் எனக்குத் தெரியும். சிலேட்டில் எழுதினேன். 6.48, டயல் விளக்கு.

6.55, இரைச்சல். அடுப்பில் வெந்நீர் கொதிக்கத் தொடங்குவதற்கு முன் வருமே, அப்படி.

சூடான தூசியின் மணம் வந்தது. நீண்ட நாள் ஓடாத செட்டை ஓட்டினால் வருகிற மணம்.

ஏழு ஐந்து.

நாற்காலியை இழுக்கிற சத்தம். ரேடியோவுக்குள்ளிருந்து.

யாரோ இருமினார்கள். காகிதம் சரசரத்தது. பிறகு ஒரு குரல், எங்கோ தூரத்தில்...

"பேரு?"

"ஜஸ்டஸ்."

இரண்டாவது குரல் கிட்டத்தில் இருந்தது. மிகவும் கிட்டத்தில். அது யாருடையது என்று எனக்கு உடனே விளங்கவில்லை. தன் குரலை வெளியிலிருந்து கேட்கிற வாய்ப்பு அப்போது யாருக்கு இருந்தது? சபை விழாவில் டேப்ரிக்கார்டரில் பதிந்ததை ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல்.

அதே குரல்.

"உம்ம பேரு எனக்குத் தெரியாதா வே. எழுதணும்லா. தகப்பனார்?"

"சாலமோன்."

என் தகப்பனார் பெயர் சாலமோன்.

நான் எழுந்து நின்றேன். என் வாய் மூடித்தான் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"சொல்லும்."

"ஹால்பர்க் செட்டு ஒண்ணுகூட என் கடைக்கு வந்தது கிடையாது, ஏட்டய்யா. தகடு மட்டுந்தான் ஜெர்மன். இது நான் செஞ்சது. பீர் மைதீன் கேட்டு, அவன் காசுல, அவனுக்காக நான் செஞ்சது."

சத்தத்தைக் குறைக்கிற குமிழைத் திருப்பினேன். 'டிக்' என்று அணைகிற இடம் வரை திருப்பினேன். சத்தம் குறையவில்லை. கூடியது.

அலைவரிசை முள்ளை நகர்த்தினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

எல்லா இடத்திலும் அதே குரல். ஒரு சொல்கூட விடாமல்.

"லைசென்ஸ் பாரத்துல நம்பரை எழுதினதும் நான்தான். பொய் நம்பர்."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குப் பயம் இருந்தது. ஆனால் பெரிய பயம் பேயைப் பற்றியது இல்லை. எதிர்ச் சாரியில் டீக்கடை. தறி ஓடாததால் வேலையாட்கள் எல்லாம் அங்கே வந்து நின்றிருந்தார்கள். தெருவே அமைதியாக இருந்தது. அவர்கள் காதில் விழுந்துவிடுமோ... அதுதான் என் பயம்.

ஓடினேன். வெளியே இல்லை. வாசலுக்கு. கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளிருந்தே மாட்டினேன். எட்டுப் பலகை. எட்டாவதையும் மாட்டிக் கொண்டியைப் போட்டேன்.

அதோடு நானும் உள்ளே அடைபட்டேன்.

7.15. டீக்கடை டிரான்சிஸ்டரில் செய்தி தொடங்கியது பலகை இடுக்கு வழியாகக் கேட்டது. ஆக, நேரம் சரி. நான் விழித்துத்தான் இருந்தேன்.

"அந்தப் பொம்பளை என்கிட்ட வந்தா. ஞாபகம் இல்லேன்னு சொல்லிட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு, ஏட்டய்யா. மூணு நாளு என் எதிர்ல உக்காந்திருந்தான்."

சாக்கை எடுத்துப் போர்த்தினேன்.

சாக்குக்குள்ளிருந்து பேசியது.

துண்டைச் சுருட்டி ஸ்பீக்கரில் அழுத்தினேன். குரல் என் உள்ளங்கையில் அதிர்ந்தது. சூடாக இருந்தது... உயிருள்ளது போல.

"போதும்" என்றேன். சத்தமாகச் சொன்னேனா, தெரியாது.

"இன்னொண்ணும் சொல்லணும், ஏட்டய்யா."

"சொல்லும்."

"இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு நான்..."

கட்டரை எடுத்தேன்.

ஸ்பீக்கர் வயர் இரண்டையும் நறுக்கினேன்.

7.22.

நின்றது.

ஓட்டில் தூறல். என் மூச்சு. டைம்பீஸ்.

ஆனால் விளக்கு அணையவில்லை.

மலிவான செட்டுகளில் சத்தம் ஏறும்போது டயல் விளக்கு ஒரு கணம் மங்கும், இறங்கும்போது தெளியும். விளக்கைப் பார்த்தே பேச்சு ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். அது மங்கியது. தெளிந்தது. மங்கியது. மங்கியது. தெளிந்தது...

பேசிக்கொண்டிருந்தது.

மூலையில், பேட்டரி பக்கத்தில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

7.32க்கு அணைந்தது.

மின்சாரம் எப்போது வந்தது, எப்போது வீட்டுக்குப் போனேன் என்பது நோட்டில் இல்லை. என் மனைவி கிருபாபாய் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தது நினைவிருக்கிறது.

காலையில் வெயில் அடித்தது. வெயிலில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. மனம் கலங்கினால் இல்லாத குரல் கேட்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டேன். கடைக்குப் போய் ஸ்பீக்கர் வயர்களை மறுபடி பற்றவைத்து, மூடியைப் பூட்டி, ரேடியோவைத் துண்டில் கட்டினேன்.

இங்கே தலையைக் குனிந்துதான் எழுத வேண்டியிருக்கிறது. அவ்வளவும் நடந்த பிறகும், அந்தப் பொய்ச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டுதான் நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.

தெருவில் இறங்கியதும் அன்னக்கிளி பிடித்துக்கொண்டாள்.

"நேத்து என்ன அண்ணாச்சி, உள்ள இருந்துக்கிட்டே பலகையைப் போட்டுக்கிட்டீய? எட்டரைக்குத்தான தொறந்தீய. யாரு கூட பேச்சு? ரெண்டு ஆம்பளைச் சத்தம்லா கேட்டுச்சு." டீ ஆற்றிக்கொண்டே சிரித்தாள். "பொம்பளைச் சத்தம்னா அக்காகிட்டப் போயிச் சொல்லியிருப்பேன்."

அவளும் கேட்டிருக்கிறாள்.

ஸ்டேஷனில் ஏட்டய்யா நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தச் சத்தம் எனக்குப் பழகிய சத்தமாக இருந்தது.

"வாரும். நேத்து என்ன அவ்வளவு அவசரம், பனியனோட வந்து நின்னீரே."

நான் அவரைப் பார்த்தேன்.

அவர் அட்டையில் செருகியிருந்த ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். அவர் கையெழுத்து. மேலே தேதி, 15-11-79. நேரம், மாலை 7.05. பெயர் ஜஸ்டஸ், த/பெ சாலமோன். கீழே வரிவரியாக, நான் முந்தின நாள் மாலை சாக்கு போட்டு மூடிய அத்தனை சொற்களும். ஒன்றுகூட மாறவில்லை.

கடைசி வரி பாதியில் நின்றது. 'இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நான்'

அதற்குப் பிறகு வெற்றுத் தாள்.

"முடிக்காமலே எந்திரிச்சுப் போயிட்டீரு. கையெழுத்தும் போடல. மிச்சத்தைச் சொல்லும், எழுதிக்கிடுதேன்."

நான் வரவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. அன்னக்கிளியே சாட்சி. அந்த உண்மையைச் சொன்னால் இந்தத் தாள் செல்லாது, பீர் மைதீன் திருடன். வராத நான் வந்தேன் என்று பொய் சொன்னால் அவனுக்கு விடுதலை. சப்-ஜெயில் வாசல் மரத்தடியில் ஷம்சாத் பேகம் ஒரு தூக்குச் சட்டியோடு நின்றிருந்ததை வரும் வழியில் பார்த்திருந்தேன்.

"ஆறு மணிக்கு நான்... கடையில உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். மனசு கேக்கல. அதான் வந்தேன்."

அவர் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

பிறகு மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே என் வேலை என்று காட்ட ஏதாவது உண்டா என்றார். வயர்களைச் சேர்த்துக் கட்டியிருந்த சிவப்பு நூலைக் காட்டினேன். எங்கள் ஊர்த் தறியில் சேலைக்கு ஓட்டுகிற நூல். அது கைக்கு லேசாகக் கிடைப்பதால் எல்லா செட்டுக்கும் அதைத்தான் சுற்றுவேன். முந்தின நாள் பெயரை அழிக்கிற அவசரத்தில் அது என் கண்ணிலேயே படவில்லை.

"ஜெர்மன்காரன் சங்கரன்கோயில் சேலை நூலுக்கு எங்க வே போவான்" என்று ஏட்டய்யா சிரித்தார். பிறகு உள்தகரத்தைக் குனிந்து பார்த்தார். "இங்கன எதையோ தேய்ச்ச மாதிரி இருக்கே?"

"பழைய தகரம் ஏட்டய்யா. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

வெளியே வந்ததும் பையிலிருந்த சான்றிதழைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். எல்லாத் துண்டும் மிதந்து போகும் வரை நின்றேன்.

மீதித் தகடுகளையும் கோர்ட்டில் ஒப்படைத்தேன். எனக்கு எச்சரிக்கை. மாணிக்கராஜ் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பீர் மைதீன் அன்று மாலையே வெளியே வந்தான். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றான். ஷம்சாத் பேகம்தான் பேசினாள். "உங்க நெஞ்சுல ஈரம் இருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி." சபையில் போதகர் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் என்னைப் பற்றிச் சொன்னார். தன் குற்றத்தைத் தானே போய் ஒப்புக்கொண்ட ஒரு மனிதன் என்று. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிருபாபாய் அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் பக்கத்திலேயே நடந்தாள்.

பீர் மைதீன் துபாயிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு அத்தர்ப் புட்டி கொடுத்தான். அதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

1986 தை மாதம். ஏட்டு கோமதிநாயகம் ஓய்வு பெற்றுப் பனவடலிசத்திரத்தில் இருந்தார். ஒரு நாள் பஸ் நிலையத்தில் எதிர்ப்பட்டார். டீ குடித்தோம். ரேடியோவுக்கு லைசென்ஸே வேண்டாம் என்று ஆகிவிட்டது, டி.வி. வந்துவிட்டது என்று பேச்சு எங்கெங்கோ போய், பழைய வழக்குக்கு வந்தது.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனப்பு வே" என்றார். "அன்னைக்கு ராத்திரி ஸ்டேஷன்ல அரிக்கேன் வெளிச்சத்துல உக்காந்து சொல்லிக்கிட்டு இருந்தீரு. ஆறு மணிக்கு நான்-னீரு. அதோட சத்தம் நின்னு போச்சு."

"தொண்டை அடச்சிருக்கும், ஏட்டய்யா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அழுகைன்னு நெனச்சேன். மறுநாளு அதைக் கேக்கச் சங்கடமா இருந்துச்சு." டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா உம்ம வாயி நிக்கல வே. அசஞ்சுக்கிட்டே இருந்துச்சு. சத்தம்தான் வரல. பேசுத பேச்செல்லாம் பேசுதீரு, ஒரு சொல்லு வெளிய வரல. நான் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பத்து நிமிஷம் இருக்கும். பொறவு எந்திரிச்சுப் போயிட்டீரு."

ராஜபாளையம் பஸ் ஒன்று உள்ளே வந்து நின்றது. இறங்குகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள்.

"அப்படி என்ன வே சொன்னீரு?"

ஞாபகம் இல்லை என்றேன்.

ஒரு பென்சில் குறியை ரப்பரால் அழித்தேன் என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. என் முகத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தவன் பத்து நிமிடம் பேசியிருக்கிறான்.